டிகோ பார்க்காத இரண்டாவது பந்து

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு நாள் காலை, ஷிஃப்ட் முடிந்து, நாங் பெபிங்கின் கடையில் மாட்டுவால் சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தபோது டிகோ இதை என் தலையில் கட்டினான்.

"டாக், நீ உங்க பாஷைல என்னமோ எழுதுவியே. இத எழுது. கடைசில நான் மைக்ல சரியாச் சொன்னேன்னு எழுது."

"சொன்னியா?"

"எழுதுடா."

சூப்பைக் குடித்து முடிக்காமலே எழுந்து போனான். டிகோ சூப்பை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.*

* இங்கே 'நாங்' என்றால் அக்கா, 'டோங்' என்றால் தம்பி. 'டாக்' என்றால் டாக்டர். பிலிப்பைன்ஸின் இந்தத் தாவோ நகரத்துக்கு மருத்துவம் படிக்க வந்து மூன்றாம் வருடத்தில் விட்டவன் நான். இப்போது ராத்திரியெல்லாம் அமெரிக்கர்களுடைய தொலைபேசிக் கட்டணத்துக்குப் பதில் சொல்கிறேன். டிகோவுக்கும் அதே வேலை, பக்கத்து நாற்காலி. பட்டப்பெயரை அவன்தான் வைத்தான்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "கூடைப்பந்தைப் பற்றி டிகோவுக்கு இருந்த அறிவு—"

அறிவு இல்லை. அபிப்பிராயம்தான் இருந்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் முயற்சி: "அவனுக்கு மட்டும் அந்தக் குரல் இல்லாமல் இருந்திருந்தால்—"

பழியைத் தொண்டையின் மேல் போடுவது சுலபம். இதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாம் முயற்சி, வெறும் பேச்சு. இதே கடை, மழைக்காலத்தில் ஒரு காலை. சுவரில் இருக்கும் டிவியில் அமெரிக்க ஆட்டம் நேரலையாக ஓடுகிறது. அவர்களுக்கு ராத்திரி ஆட்டம், எங்களுக்குக் காலை உணவு. ஆனால் யாரும் அதைப் பார்க்கவில்லை. மணிலாவில் எங்கள் லீகின் இறுதித் தொடர் நடந்துகொண்டிருந்தது. அங்கே அணிகளுக்கு ஊர் பெயர் கிடையாது, கம்பெனி விற்கும் சரக்கின் பெயர்தான். கம்பெனிகளின் பெயரை எழுதினால் வம்பு. ஒன்றை மத்தி டப்பா என்றும் இன்னொன்றை இருமல் மருந்து என்றும் வைத்துக்கொள்வோம். டிகோ மருந்து. நாங் பெபிங் மத்தி.

"நாங், உங்க டீம்ல யாருதான் இருக்கா? ஒரு பேர் சொல்லுங்க பாப்போம்."

"சராபியா இருக்கான்."

"சராபியாவா! எங்க ரெக்ஸ் பக்கத்துல சராபியாவ நிறுத்துறதும், உங்க சூப்புப் பக்கத்துல மூணு நிமிஷ நூடுல்ஸ வைக்கிறதும் ஒண்ணு. ரெக்ஸ் ராவெல்லாம் கொதிச்ச எலும்பு. சராபியா வெந்நி ஊத்துனா உப்புவான், ஆறுனா அமுங்கிருவான்."

"என் சூப்பப் புகழ்ந்தா இன்னொரு கரண்டி விழும்னு பாக்குறியா டோங்? விழாது. ஒன் ரெக்ஸுக்கு முழங்கால் வலி எப்ப வரும் தெரியுமா? டீம் தோக்க ஆரம்பிச்சதும் வரும். சராபியா மூக்கு ஒடஞ்சு பஞ்சு வச்சுக்கிட்டு ஆடுனான், ஞாபகம் இருக்கா?"

"மூக்காலயா நாங் பந்து போடுறது?"

"இந்த ரெண்டு பேரையும் அமெரிக்காக்காரன் பாத்தா, பந்து பொறுக்கிக் குடுக்குற ஆளுங்கன்னு நெனப்பான்" என்றேன் நான், டிவியைக் காட்டி.

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீ கிரிக்கெட் ஊர்க்காரன் டாக். வாய மூடிக்கிட்டுத் தின்னு."

எங்கள் பேட்டையில் ஆட்களைத் தரம் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. இவன் அவனைவிட உசத்தி, அந்த வருடத்து மத்தி இந்த வருடத்து மத்தியைத் தூக்கிச் சாப்பிடும் என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒருவனை இன்னொருவன் பக்கத்தில் நிறுத்தி அளக்கும்போது அளக்கிறவன் கொஞ்சம் உயர்ந்துகொள்கிறான். டிகோ ஐந்தடி இரண்டங்குலம். (இந்த வாக்கியம் அவனுக்குப் பிடிக்காது. இருக்கட்டும். அவனுக்குத் தமிழ் தெரியாது. இதை எழுதும்போது கொஞ்சம் கூசுகிறது. தொடர்கிறேன்.)

3

டிகோ பேட்டையின் மைக்காரன். கோடைகால லீகில் கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்து, ஆடுகிற பையன்களைக் கிண்டலடித்தபடி ஆட்டத்தைச் சொல்வான். இங்கே அது ஒரு பதவி. மைக்காரன் எவனையும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. உண்மையில், மைக்காரன் கிண்டலடிக்காமல் விட்டால்தான் பையன்கள் மனசு உடைந்து போவார்கள்.

இறுதித் தொடரின் கடைசி ஆட்டம் அன்று, கூரை போட்ட கோர்ட்டில் பெரிய டிவி வைத்தார்கள். மணிலாக்காரர்களின் வர்ணனையை அணைத்துவிட்டு டிகோ தன் கரோக்கே பெட்டியில் மைக்கைச் செருகினான். பெட்டி சார்ஜில் ஓடுவது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் நடந்த தப்புக்கெல்லாம் அந்தச் சார்ஜும் ஒரு காரணம்.

ஆட்டம் முடிய ஓரிரு நொடிதான் பாக்கி. மத்தி ஒரு புள்ளி பின்னால். சராபியாவை யாரோ இடித்துத் தள்ளியதில் அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. கோட்டில் தனியாக நின்று, யாரும் மறிக்காமல் கூடைக்குள் போட வேண்டிய பந்து. இரண்டும் விழுந்தால் மத்திக்குக் கோப்பை. ஒன்று விழுந்தால் சமன், ஆட்டம் ஐந்து நிமிடம் நீளும். இரண்டும் தவறினால் மருந்துக்குக் கோப்பை.

முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. எல்லோரும் பார்த்தோம்.

அப்போது கரண்ட் போனது.

டவரும் சேர்ந்து படுத்துவிட்டது. கைபேசிகளில் வெளிச்சம் இருந்தது, சேதி இல்லை. இருட்டில் நாங் பெபிங் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். யாரோ கத்தினார்கள்: "டிகோ! சொல்லு! என்ன ஆச்சு?"

அந்த நொடியில் அவன் சொல்லியிருக்க வேண்டியது இரண்டே வார்த்தை: "நான் பாக்கல."

சொல்லவில்லை. பெட்டியில் சார்ஜ் இருந்தது.

"சராபியா பந்தத் தட்டுறான்" என்றது இருட்டில் அந்தக் குரல். "தட்டுறான், தட்டுறான். பந்தும் வேர்க்குது மக்களே, அவனும் வேர்க்குறான். சிலுவ போட்டுக்கிட்டான். தப்பான கையால போட்டுட்டான்! சாமி குழம்பிட்டாரு!"

சிரிப்பு.

"அந்தா, முன் வரிசையில அவங்கம்மா. தோள்ல துண்டு. அம்மாவப் பாக்குறான். அம்மா துண்ட எடுத்து மூஞ்சிய மூடிக்கிட்டாங்க. பந்து கெளம்புது... மேல போகுது... மக்களே, இந்தப் பந்து கூடைய நோக்கிப் போகல, தாவோவ நோக்கி வருது! குனிஞ்சுக்கோங்க!"

கோர்ட் முழுக்கக் குனிந்தது. நானும் குனிந்தேன். இருட்டில் எதற்குக் குனிந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பிறகு சராபியாவின் குரலை அவனே செய்தான். மூக்கடைத்த, குழந்தை மாதிரி அழுகிற குரல்: "அம்மா, பாக்காத! அம்மா, பாக்காத!"

சிரித்துச் சிரித்து நாங் பெபிங்குக்கே விக்கல் வந்துவிட்டது. கரண்ட் வருவதற்குள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

4

[இங்கே அவன் நல்லவனா கெட்டவனா என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். நல்லவன் என்றால் அவனுக்கு வக்காலத்து வாங்குகிறேன், கெட்டவன் என்றால் குனிந்தவர்களுக்கெல்லாம் வக்காலத்து. பத்தியை எடுத்துவிட்டேன்.]

மறுநாள் எல்லோரும் உண்மையான ஆட்டத்தைப் பார்த்தார்கள். சராபியா இரண்டாவது பந்தைப் போட்டிருந்தான். வளையத்தைத் தொடாமல், வலை மட்டும் ஆடும்படி. ஆட்டம் சமனாகி ஐந்து நிமிடம் நீண்டது. அந்த ஐந்து நிமிடமும் அவன் களத்தைவிட்டு வெளியே வரவில்லை. கடைசியில் மத்தி தோற்றது.

"தோத்தது தோத்ததுதானே?" என்றான் டிகோ. பேட்டையும் அதையே சொன்னது.

ஆனால் இருட்டில் யாரோ ஒருவர் கைபேசியில் டிகோவின் குரலைப் பதிவு செய்திருந்தார். அது ஊரைவிட்டுப் போனது, தீவைவிட்டுப் போனது. தட்டு கீழே விழுந்தால் "அம்மா, பாக்காத!" ஜீப்னி பஸ்ஸைத் தவறவிட்டால் "அம்மா, பாக்காத!" எங்கள் அலுவலகத்தில் வாடிக்கையாளர் கோபித்துத் தொடர்பை வெட்டினால் வரிசை முழுக்க அதையே சொல்லும். டிகோ நாற்காலியிலிருந்து எழுந்து குனிந்து வணங்குவான். முகம் மின்னும்.

அந்த அம்மாவை எங்கிருந்து எடுத்தாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்கம்மாதான்" என்றான். "பேட்டை லீக்ல நான் ஆடுனப்ப. பந்து என் கைல வந்தாலே துண்டால மூஞ்சிய மூடிக்கும். அது மூடுறதப் பாத்துத்தான் நான் ஆடுறத விட்டுட்டு மைக்கப் புடிச்சேன்."

இதைச் சொல்லும்போதும் அவன் சிரித்தான். கேட்ட நானும் சிரித்தேன். பகல் வெளிச்சத்தில்.

5

அந்த வருடம் சராபியாவை மத்தி அணி விட்டுவிட்டது. பக்கத்து ஊர் பனாபோதான் அவன் ஊர். அங்கே திரும்பி வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டோம். பேட்டைத் திருவிழாவுக்குப் பழைய மணிலா லீக் ஆட்டக்காரர்களை அழைத்து எங்கள் பையன்களோடு ஆடவிடுவது வழக்கம். பேட்டைத் தலைவர் அவனையும் அழைத்திருந்தார். மைக் யாரிடம் என்று சொல்ல வேண்டியதில்லை.

திருவிழாவுக்கு முந்தின வாரம் ஒரு காலை, நாங் பெபிங்கின் கடைத் தார்பாய்க்குக் கீழே குனிந்து ஒருவன் நுழைந்தான். அவ்வளவு குனிய வேண்டியவன் எங்கள் பேட்டையில் யாருமில்லை.

டிகோ முதலில் செய்த காரியத்தை எழுதாமல் விட நினைத்தேன். எழுதுகிறேன். பாய்ந்து எழுந்து கைபேசியை எடுத்து, "ஒரு போட்டோ, ஐடல்! ஒண்ணே ஒண்ணு!" என்றான். (பிடித்த ஆட்டக்காரர்களை இங்கே 'ஐடல்' என்றுதான் கூப்பிடுவார்கள்.) சராபியா குனிந்து, அவன் தோளில் கை போட்டு, பல்லைக் காட்டினான். படம் எடுத்தவன் நான்.

பிறகு சராபியா உட்கார்ந்தான். பெஞ்ச் முனகியது.

"ஒங்க குரல எங்கயோ கேட்டிருக்கேன் பாஸ்."

டிகோ கைபேசியை என்னிடமிருந்து வாங்கி மேசையில் வைத்தான். ராத்திரி முழுக்கப் பேசியே பிழைக்கிறவன், இருமக்கூட இல்லை.

"கேக்காம என்ன? இவன்தான் அந்த—" என்று ஆரம்பித்த நாங் பெபிங், கரண்டியைச் சட்டிக்குள் விட்டு, அங்கே எதையோ தேடுவதுபோல் துழாவினாள்.

சராபியா சூப்பை முழுசாகக் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டான். சத்தம் போடவில்லை. கடை வாசலில் போகிறவர்களுக்கு இரண்டு பேர் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் தோன்றியிருக்கும்.

"டீம் விட்டதுக்கு நீங்க காரணம் இல்ல பாஸ். அது முழங்கால். நீங்களா எதுவும் நெனச்சுக்க வேணாம்."

"ஐடல், அது சும்மா—"

"நூடுல்ஸுன்னு சொன்னதும் காதுக்கு வந்துச்சு. அது பரவால்ல. ரெக்ஸ் என்னவிட நல்லா ஆடுவான், அவனோட ஆடுன எனக்குத் தெரியாதா? மொதப் பந்து போச்சு, அதுவும் என்னோடதுதான். நீங்க எவ்வளவு வேணா சொல்லுங்க."

காலிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

"எங்கம்மா அந்த ஆட்டத்துக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி. அவங்கள எதுக்கு பாஸ் அங்க உக்கார வச்சீங்க?"

டிவியில் அமெரிக்கர்கள் கை தட்டினார்கள். நாங் பெபிங் எட்டி அதை அணைத்தாள்.

"அக்கா புள்ளைங்க வீட்ல அதச் சொல்லி வெளையாடுதுங்க. யாருன்னு அதுங்களுக்குத் தெரியாது. நானும் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன். அதுக்கப்புறம் எனக்கு அந்த ஆட்டத்த நெனச்சா, ரெண்டாவது பந்து போட்டது வரல. அம்மா மூஞ்சிய மூடுறதுதான் வருது. பாத்த மாதிரியே வருது."

டிகோ மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"திருவிழால மைக் ஒங்ககிட்ட இருக்குமாம். மன்னிப்பெல்லாம் வேணாம், எனக்கு வெக்கமா இருக்கும். ரெண்டாவது பந்து உள்ள போச்சுன்னு ஒரு வார்த்த. அப்புறம் எங்கம்மாவ அங்கேருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பிருங்க. அவ்ளோதான்."

சாப்பிட்டதற்குக் காசு வைத்துவிட்டு, மறுபடி குனிந்து, வெயிலுக்குள் போனான். அவன் போன பிறகும் டிகோ தலையைத் தூக்கவில்லை. கைபேசி மேசையில் கிடந்தது. திரையில் இருவரும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

6

திருவிழா ஆட்டம் மதியம். நான் அங்கே இல்லை. ஷிஃப்ட் முடிந்து படுத்தவன் எழுந்தபோது மாலை ஆகியிருந்தது.

(போக வேண்டும் என்றுதான் இருந்தேன். இல்லை, இது பொய். பார்க்கத் தைரியம் இல்லை.)

உறுதியாகத் தெரிந்தவை இவைதான்: ஆட்டத்தின் நடுவில் சராபியாவை ஒரு பையன் இடித்தான். அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. அவன் கோட்டில் போய் நின்றதும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கூட்டம் ஆரம்பித்தது. "அம்மா, பாக்காத! அம்மா, பாக்காத!" குழந்தைகள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். டிகோ மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

முதல் முடிவு, நாங் பெபிங் சொன்னது: டிகோ எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ரெண்டாவது பந்து உள்ளே போனது, அம்மா அங்கே இல்லவே இல்லை, இருட்டில் நான்தான் புளுகினேன் என்று அழுதான். "நானே அழுதுட்டேன் டோங்." நாங் பெபிங் அன்று பன்றி வறுக்கிற அடுப்பைவிட்டு நகரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இரண்டாவது, அலுவலகக் காவலாளி சொன்னது: டிகோ பழைய குரலில் பழைய வசனத்தையே சொன்னான், கூட்டம் வெடித்தது, சராபியாவும் சிரித்தான். "அவரே சிரிச்சாரு சார். ஐடல்னா அதான் ஐடல்."

மூன்றாவது, நானே கட்டியது: டிகோ மைக்கைக் கீழே வைத்தான். வெறும் வாயால், யாருக்கும் கேட்காமல், "பாருங்கம்மா" என்றான். சராபியாவுக்கு மட்டும் கேட்டது. பந்து—

எழுதி முடித்ததும் ரொம்ப நன்றாக இருந்தது. நானே இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை படிக்கும்போது காது சூடாகிவிட்டது. மறுபடியும் அந்த அம்மாவை முன் வரிசையில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறேன். அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்றே விட்டிருக்கிறேன்.

பதிவு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஏழெட்டுப் பேர் எடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் அந்த நேரம் பார்த்து ஊர்வலத்து டிரம் கோஷ்டி கோர்ட்டைத் தாண்டிப் போகிறது. டிகோவின் வாய் அசைகிறது. சத்தமெல்லாம் டிரம். ஒன்றில் மட்டும் சராபியாவின் முகம் தெரிகிறது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பி எதையோ பார்க்கிறான். என்னத்தைப் பார்த்தான் என்று எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது.

7

எழுதிக்கொண்டிருப்பதை நேற்றுக் காலை டிகோ பார்த்துவிட்டான். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. இதுல நான் எங்க இருக்கேன்?"

அவன் பெயர் வருகிற இடங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டான். அவனுக்குப் புரியாத மொழியில், அவன் பதில் சொல்ல முடியாத இடத்தில், அவனை நான் ஆட வைத்திருந்தேன். அவன் குட்டையாக இருப்பதைக்கூட விட்டுவைக்கவில்லை.

"கடைசில என்ன எழுதியிருக்க?"

"நீ அன்னிக்கு என்ன சொன்னேன்னு சொல்லு, எழுதுறேன்."

டிவியில் ஆட்டம் ஓடியது. யாரோ ஒரு அமெரிக்கன் கோட்டில் நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான். டிகோ அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீ பாக்கலல்ல?"

"பாக்கல."

"அப்ப அத எழுது" என்றான். "எனக்கு அது அன்னிக்கு இருட்டுல வாயில வரல."

சூப்பைப் பாதியில் விட்டு மறுபடியும் எழுந்து போனான்.

 ஊரில் என் அப்பா என்னைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு தான் பார்க்காத ஓர் ஆஸ்பத்திரியை வர்ணிக்கிறார். எத்தனை மாடி, எனக்குக் கீழே எத்தனை நர்ஸ் என்பதுவரை. எனக்கு அது தெரியும். நான் திருத்துவதில்லை. எங்கள் இருவருக்கு நடுவிலும் கரண்ட் போய் ரொம்ப நாளாகிறது.

ஆகவே: பந்து சராபியாவின் கையில் இருக்கிறது. கூட்டம் கத்திக்கொண்டிருக்கிறது. டிகோவின் வாய் அசைகிறது, டிரம் அடிக்கிறது. அதற்குமேல் நான் பார்க்கவில்லை.

உங்களுக்கு ஒரு முடிவு வேண்டும். எனக்குத் தெரியும், நானும் வாசிக்கிறவன்தான். பெட்டியில் சார்ஜ் இருக்கிறது, மைக்கை உங்கள் பக்கம் நீட்டுகிறேன். வாங்குவதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லுங்கள்.

நீங்கள் பார்த்தீர்களா?